பொன்னாத்தாளுக்கு வாங்கின கண்ணாடி

வெயில் நிற்க வேண்டும். இப்போதைக்கு அது ஒன்றுதான் கவலை. ராயப்பன் சுரங்க வாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, துணி சுற்றிய கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே சைனைடு மேட்டைப் பார்த்தான். மேடு என்று பேர், ஆனால் மலை. பாறையை அரைத்துத் தங்கத்தை வழித்துக்கொண்டு மிச்சத் தூளைக் கொட்டிக் கொட்டி வளர்த்த மலை. அதில் அவன் மாமனார் கொத்தின பாறையும் இருக்கும், அவன் மேலே ஏற்றிவிட்ட பாறையும் இருக்கும். இப்போது அது சூரியனை மறைக்கப் பார்க்கிறது. மற்ற ஊரில் சூரியன் மேற்கே விழும். இந்த ஊரில் அதற்கு முன்பே மேட்டுக்குப் பின்னால் போய்விடும். மேட்டின் நிழல் புதர் மேல் ஏறி, பழைய தண்டவாளத்தைத் தாண்டி, பாம்பு மாதிரி வந்துகொண்டிருந்தது. பாம்பாவது நின்று தலையைத் தூக்கிப் பார்க்கும். இது நிற்காது. நவம்பர் மாசத்து மேகம் வேறு. காலையிலிருந்து மூடித் திறந்து மூடித் திறந்து கண்ணாமூச்சி காட்டுகிறது. சனியன். மூடுவதென்றால் மூடித் தொலை, நான் வீட்டுக்குப் போகிறேன். மூடாதே. மூடிவிடாதே. அவன் பெண்டாட்டி வருகிற வண்டி இன்னும் வரவில்லை. கல்லறைத் திருநாள் என்றால் கூட்டம் ஏறும், பூக்கூடையும் மெழுகுவர்த்தியுமாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறிக்கொண்டே இருப்பார்கள், வண்டி தாமதமாகத்தான் வரும். போன வருசம் நிழல் வந்த பிறகுதான் வந்தாள். அதற்கு முந்தின வருசமும். அப்போதெல்லாம் அவன் அந்த இடிந்த எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி. கம்பி வலைக்குப் பக்கத்தில் மண்டி போடுவாள், மெழுகுவர்த்தியை ஏற்றுவாள், காற்று அணைக்கும், ஏற்றுவாள், அணைக்கும். தீப்பெட்டி தீரும்வரை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஊர் முழுக்க கல்லறையில் விளக்கு ஏற்றும்போது இவள் மட்டும் இங்கே. இவள் அப்பனுக்குக் கல்லறை இல்லை. அவர் இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே கிடக்கிறார்.

"இன்னா ராயப்பா, கண்ணாடிலாம் எடுத்துனு வந்துகீற. பவுடர் டப்பா எங்க?" என்று கேட்டான் கோதண்டன். சுரங்கத்துக்கு இப்போது அவன்தான் வாட்ச்மேன். சுரங்கம் போனாலும் இரும்பு இருக்கிறதே, இரும்பைத் திருடுவார்களே, அதற்குக் காவல். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். "மூடுடா வாய" என்றான் ராயப்பன். "அதுக்கில்லப்பா. இந்த மூஞ்சிக்குக் கண்ணாடி காட்டினா கண்ணாடிக்குத்தான் நஷ்டம்." கோதண்டன் தானே சொல்லித் தானே சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான். கல்தூள் தின்ன நெஞ்சு. ராயப்பனுக்கும் அதே நெஞ்சுதான், கொஞ்சம் குறைச்சல். கூண்டில் மணி அடிக்கிற வேலை அவனுக்கு. ஆளை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டில் யார் ஏறலாம் யார் ஏறக்கூடாது என்று பார்த்து, கதவை இழுத்துப் பூட்டி, மணிக் கயிற்றை இழுத்தால், மேலே எஞ்சின்காரன் கூண்டை இறக்குவான். அவன் இழுக்காமல் எந்த மனுசனும் பூமிக்குள் போக முடியாது. பெரிய துரை மாதிரி. "கெணறு தோண்டுறவன் வெயில கண்ணாடில புடிச்சு உள்ள அடிப்பான், பாத்துகீறியா?" என்று கேட்டான் கோதண்டனிடம், கேட்கவேண்டாம் என்று நினைத்தும். கோதண்டன் வலைக்குள் எட்டிப் பார்த்தான். குறுக்கே தண்டவாளம், அதன் மேல் கம்பி வலை, அதற்குக் கீழே கறுப்பு. ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டான். இரண்டு பேரும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்து எங்கேயோ ளொக் என்றது. தண்ணீர் ஏறிக் கிடக்கிறது உள்ளே. "அது கெணறு, இது ஷாப்ட்டு. உன் வெயிலு எட்டாதுய்யா. யாருக்கு? உன் ஊட்டுக்காரிக்கா?" ராயப்பன் துணியை இழுத்துக் கண்ணாடியை மூடினான். கோதண்டன் கொஞ்சம் நின்றான். பிறகு, "நான் கேட்டாண்ட இருக்கேன். வந்தா உடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கிண்டல் இல்லாமல் அவன் பேசினால்தான் பயமாக இருக்கிறது.

எட்டாதா. எட்டும். ஏன் எட்டாது. வெயிலுக்குத் தூரமா கணக்கு, அங்கேயிருந்து இங்கே வருகிறது, இங்கேயிருந்து உள்ளே போகாதா. அவளை வீட்டுக்கு வர்றியா என்று கேட்கவேண்டும். ஒரு வார்த்தை. சலேத்து, வர்றியா. சொல்லிப் பார்த்தால் வாயில் எளிதாகத்தான் இருக்கிறது. பேர் என்னவோ சலேத்மேரி, கூப்பிடுவது சலேத்து. அவள் அப்பன் சின்னப்பன் அப்படித்தான் கூப்பிடுவார், கூண்டில் ஏறும்போதுகூட யாரிடமாவது எங்க சலேத்து இதைச் சொல்லிச்சு, எங்க சலேத்து அதைச் சொல்லிச்சு என்பார். அவரை இறக்கிவிட்டது ராயப்பன்தான். அன்றைக்கும் மணி அடித்து அனுப்பியது அவன்தான். அதில் ஒன்றும் இல்லை, எல்லாரையும்தான் அனுப்பினான். மத்தியானம் ஊர் குலுங்கியது. பாத்திரம் உருண்டது. பாறை தன் பாரம் தாங்காமல் தானே வெடிக்கும், ஏர் பிளாஸ்ட் என்பார்கள், அதற்கு முன்னே சொல்லிக்கொண்டா வரும். எடுக்கப் போனவன்மேலும் விழும் என்று அந்தப் பக்கத்தையே சுவர் வைத்து அடைத்தார்கள். வேறு வழி இல்லை, அவனே பார்த்தான். உடம்பு இல்லாமல் பூசை வைத்தார்கள். சலேத்து அழவில்லை. "அந்தச் சொவரு வரைக்கும் போவலாமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் சிரித்தான். சிரிக்கக்கூடாதுதான். ஆனால் அந்தப் பேச்சை யார் கேட்டாலும் அந்த ஊரில் சிரித்திருப்பார்கள். பெண்பிள்ளை சுரங்கத்தில் இறங்கினால் தங்கம் பின்னால் போய்விடும். கொத்தக் கொத்தப் போய்க்கொண்டே இருக்கும், கைக்கு வராது. இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். உள்ளே விசில் அடிக்கக்கூடாது, பெண்பிள்ளை இறங்கக்கூடாது. அவளும் அதே சுரங்கக் கூலிக்காரர் லைன் வீட்டில் பிறந்தவள், அவளுக்கும் தெரியும். பிறகு கேட்கவில்லை. வருசக்கணக்காகக் கேட்கவில்லை. கடைசி நாள்தான் கேட்டாள்.

கடைசி நாளை நினைக்காதே. மேகம் விலகுகிறது, அதைப் பார். மேட்டுக்கு மேலே சூரியன் ஒரு கை உயரம் இருக்கிறது. கண்ணாடியைத் துணியிலிருந்து எடுத்தான். கைக்கண்ணாடி இல்லை, சாப்பாட்டுத் தட்டு அளவு, தகரச் சட்டம், சட்டத்தில் மூன்று ரிப்பன். நீலம், சிவப்பு, மஞ்சள். வாங்கினபோது இருந்த நிறம் இல்லை இப்போது. எத்தனை வருசம் டிரங்குப் பெட்டிக்குள்ளே. வேட்டியால் துடைத்தான். துடைக்கத் துடைக்க உள்ளே ஒரு கிழவன் தெளிவாகிக்கொண்டு வந்தான். போய்யா. கடைசி நாள் சங்கு ஊதுவதற்கு முன்னால் எல்லாரும் குடும்பத்தோடு வந்து நின்றார்கள், கூண்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள், சிலது அழுதது. சலேத்து கையில் மெழுகுவர்த்தியோடு வந்தாள். "இன்னிக்கு மூடப்போறாங்க. தங்கமே இல்லன்னுதானே மூடுறாங்க. இன்னும் இன்னாத்த ஓடப்போவுது? ஒரே ஒரு தடவ இறக்கி உடுங்க. சொவத்தாண்ட ஏத்தி வெச்சிட்டு வந்துடறேன்." கூட இருந்தவர்கள்கூடச் சொன்னார்கள். கோதண்டனே சொன்னான், "உடுய்யா, யாரு கேக்கப் போறா". எஞ்சின்காரன் மேலே கையைக் காட்டினான், நான் ரெடி என்று. கயிறு ராயப்பன் கையில் இருந்தது. அவன், "பொம்பள எறங்கக்கூடாது" என்றான். ஏன் சொன்னான். தங்கம் ஓடிவிடும் என்றுதான். எந்தத் தங்கம். இல்லாத தங்கம். வெறும் பொந்துக்குக் காவல் நின்றான். இந்தக் கோதண்டன் இரும்புக்காவது காவல் நிற்கிறான். அவள் மெழுகுவர்த்தியை முந்தானையில் சொருகிக்கொண்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை. அன்றைக்கு ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்தாள், நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னானா இல்லையா, ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டான்.

அந்த வேலை போனதும் பிரேசிலுக்கு ஆள் எடுத்தார்கள். ஆழச் சுரங்கத்தில் கூண்டு பார்த்த அனுபவம் வேண்டும் என்றார்கள், போனான். மூன்று வருசம். சிவப்பு மண்ணும் மழையுமான மலைநாடு. பேச்சு ஒன்றும் புரியாது. கோவாக்காரன் ஒருவன் போர்மேனாக இருந்தான், மெனெஸிஸ், அவனுக்கு அந்தப் பேச்சும் தெரியும், நம் ஊரில் வேலை பார்த்த தமிழும் தெரியும். அவன் வாய் வழியாகத்தான் எல்லாம். மெஸ்ஸில் சமைப்பவள் தோனா ஜூரேமா. தோனா என்றால் அம்மா மாதிரி ஒரு மரியாதை. கறுத்த, கனத்த பொம்பளை, கரண்டியை ஆட்டி ஆட்டித்தான் பேசுவாள். அவள் சொன்னதுதான் அந்தக் கதை. தங்கத்துக்கு ஒரு தாய் உண்டாம். பூமிக்குள்ளே அவள்தான் இருக்கிறாளாம். வெளியே வந்தால் நெருப்புப் பந்தாக மலைக்கு மலை பறப்பாளாம், விழுந்த இடத்தில் தோண்டினால் தங்கமாம். கிட்டப் போனால் பெண், தலைமுடியெல்லாம் நெருப்பு. ஒரு அடிமைக் கிழவன் எஜமானுக்குத் தங்கம் கிடைக்காமல் அடி வாங்கி அழுதபோது வந்து, நீலம் சிவப்பு மஞ்சள் ரிப்பனும் ஒரு கண்ணாடியும் வாங்கி வா, இடம் காட்டுகிறேன் என்றாளாம். புருசன் அடித்துத் துரத்துகிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குகைக்குள் ராணி மாதிரி வைத்துக்கொள்வாளாம். போனவள் திரும்ப மாட்டாள், கூப்பிட்டாலும் கேட்காது. அந்தத் தாய்க்கு அந்த ஊரில் வைத்த பேர் வாயில் நுழையவில்லை, ராயப்பன் பொன்னாத்தா என்று வைத்துக்கொண்டான். "அங்க தங்கமே பொம்பளதான்யா" என்று மெனெஸிஸ் சிரித்தான். அது நெஞ்சில் ஒரு மாதிரி தைத்தது. மறைக்க, இவனும் சிரித்துக்கொண்டே நம் ஊர் வழக்கத்தைச் சொன்னான், பொம்பளை இறங்கினால் தங்கம் ஓடும் என்பதை, பிறகு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தாமல் கடைசி நாள் சலேத்து வந்து கேட்டதையும் சொன்னான், வேடிக்கை மாதிரி. மெனெஸிஸ் அதை அவளுக்குப் பெயர்த்துச் சொன்னான். தோனா ஜூரேமா பீன்ஸ் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். ராயப்பனைப் பார்த்து ஏதோ சொன்னாள். சின்னதாக, நாலைந்து வார்த்தை. "இன்னா சொல்றா?" மெனெஸிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல. சாப்பிடு" என்றான். என்ன சொன்னாள். இன்றைக்கு வரைக்கும் தெரியாது. திட்டினாளா. பாவம் என்றாளா. அவனைச் சொன்னாளா சலேத்தைச் சொன்னாளா. அந்த வார்த்தையின் சத்தம் ஞாபகம் இருக்கிறது, அதிலே கடைசியில் ஒரு இழுவை, பாட்டு மாதிரி. அர்த்தம் இல்லை. அர்த்தம் இல்லாத சத்தத்தை எத்தனை வருசம் காதில் வைத்துக்கொண்டு இருப்பது. மெனெஸிஸும் செத்துப்போனான்.

ஒரு சாயங்காலம் அந்த நெருப்புப் பந்து வந்தது. எல்லாரும் கொட்டகைக்கு வெளியே ஓடினார்கள், கத்தினார்கள். ராயப்பன் முகத்தில் சோப்பு. கண் எரிய எரிய துண்டைத் தேடித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எரிகல்லோ என்னவோ. அவன் பார்த்தது பார்த்தவர்களின் முகத்தைத்தான். எல்லார் முகத்திலும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஓடி அடங்கியது. தோனா ஜூரேமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள், குழந்தை மாதிரி. அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய்க் கண்ணாடியும் ரிப்பனும் வாங்கினான். கேட்டவனிடம் பொன்னாத்தாளுக்கு என்றான், சிரித்தார்கள். மலையில் வைத்தால் இடம் காட்டுவாள். தங்கம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். மலைக்கு என்று கொண்டும் கிளம்பினான். வழியில், பழைய சுரங்கம் ஒன்று, வேடிக்கை பார்க்க விட்டிருந்தார்கள். தொப்பி மாட்டிய பொம்பளைகள், சின்னப் பெண்கள்கூட, தள்ளுவண்டியில் ஏறிக் கத்திச் சிரித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிப் போனார்கள். பாறை அப்படியே இருந்தது. ஒன்றும் ஓடவில்லை. அவன் வாசலில் நின்று அவர்கள் திரும்பி வருகிறவரைக்கும் பார்த்தான். மலைக்குப் போகவில்லை. கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான், இதைச் சலேத்திடம் சொல்லவேண்டும், அங்கே பொம்பளைகள் இறங்குகிறார்கள் சலேத்து, ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் ஊருக்கு வந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. சாவி பக்கத்து வீட்டில். பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் சமையலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். யார் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் இல்லை, தானாகத்தான் போனாள். பொன்னாத்தா அடிபட்டவர்களைத்தான் கூட்டிப் போவாள். நான் அடித்தேனா. கை ஓங்கினதில்லை, கேட்டுப் பாருங்கள் லைன் முழுக்க. அப்படியென்றால் பொன்னாத்தா கூட்டிப்போகவில்லை. அப்படியென்றால் அவள் தானாகத்தான். அடித்திருந்தாலாவது. சீ. அடித்திருந்தால் அவள் போனதற்குப் பழி போட ஒரு நெருப்புப் பந்தாவது கிடைத்திருக்கும். அடிக்கவில்லை. வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருதரம் ஹாஸ்டலுக்குப் போனான். மாவுக் கையோடு வெளியே வந்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். தட்டில் போட்டாள். சாப்பிட்டான். பொம்பளைகள் இறங்குகிறார்கள் சலேத்து என்று சொல்ல வாய் திறந்தபோது, "இன்னும் ஒரு சப்பாத்தி?" என்றாள். போதும் என்றான். வந்துவிட்டான்.

ஹாரன். வண்டி வந்துவிட்டது. ராயப்பன் எழுந்தான், முட்டி மளுக்கென்றது. ஸ்டேஷனிலிருந்து இங்கே நடந்து வர நேரம் ஆகும், அவளுக்கும் வயசாகிறது. நிழல் கல்லைத் தொட்டுவிட்டது. அவன் உட்கார்ந்திருந்த கல்லையே. பிறகு வலையைத் தொட்டது. வலைக்குள்ளே இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான், வெயில் இல்லாமல் என்னத்தைப் பிடிப்பது. சுரங்க வாய்க்கு மேலே பழைய இரும்புச் சட்டம் நிற்கிறது, சக்கரம் துருவோடு, அதில் ஏறப் படி. அங்கே மேலே வெயில் இருக்கிறது. கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினான். இந்தப் படியில் ஓடி ஏறினவன். ஒரு படி, மூச்சு, ஒரு படி, மூச்சு. கீழே விழுந்தால் வலை தாங்குமா. தாங்காவிட்டால் மாமனாரோடு போய்ப் பேசிக்கொள்ளலாம், என்ன சொல்லுவார், எங்க சலேத்த இன்னாய்யா பண்ண. ஏறினான். பாதி உயரத்தில் ஒரு தட்டு, அங்கே நின்றான். இடுப்புக்கு மேலே வெயில் இருந்தது. கீழே பார்த்தால் வாய் நேராகக் காலடியில், கறுப்பாக. மேகம் ஒன்று வருகிறது. வராதே. கேட்டைத் திறக்கிற சத்தம். கோதண்டன், "வாம்மா. மேல இருக்காரு" என்கிறான். ஏன் சொன்னான் சனியன் பிடித்தவன். அவள் வருகிறாள். வெள்ளைப் புடவை, தோளில் பை. தலை முழுக்க நரைத்துவிட்டது, போன வருசம் எஞ்சின் வீட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். ராயப்பனுக்கு வர்றியா என்ற வார்த்தை நாக்குக்கு வந்தது. இங்கேயிருந்து கத்தினால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கத்தவில்லை. கண்ணாடியைத் தூக்கிச் சூரியனுக்குக் காட்டிச் சாய்த்தான். ஒரு வெளிச்சத் துண்டு எஞ்சின் வீட்டுச் சுவரில் பாய்ந்தது, புதரில் பாய்ந்தது, கோதண்டன் மூஞ்சியில் அடித்து அவனைக் கண்ணை மூட வைத்தது, வழி தவறின கோழி மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடியது, பிறகு வலைக்குள் விழுந்தது. விழுந்து உள்ளே போனது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். எவ்வளவு தூரம் போனது, எட்டியதா, தெரியாது. குனிந்து உள்ளே பார்க்க முடியாது, கண்ணாடியையும் சூரியனையும் பார்க்கவே போதும்போதும் என்றிருந்தது.

சலேத்து பையைக் கீழே வைத்தாள். வலைக்குப் பக்கத்தில் வந்து மண்டி போட்டு இரண்டு கையையும் கம்பியில் ஊன்றிக் குனிந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். எட்டவில்லை போலிருக்கிறது. கிணறு வேறு ஷாப்ட்டு வேறு. கிழட்டுப் புத்தி. ராயப்பன் இறக்கிவிடலாம் என்று நினைத்தான், கை வலிக்கிறது. "கை ஆடுது" என்றாள் அவள். குரல் பெரிசாக இல்லை, ஆனால் கேட்டது. "நேரா புடிங்க. கொஞ்சம் அந்தாண்ட. இல்ல, இந்தாண்ட. ஆங். அப்டியே." அவன் பிடித்தான். கூண்டு மணிக்குக் கட்டுப்பட்டு எஞ்சின்காரன் நிற்பானே, அப்படி நின்றான். "இன்னும் கொஞ்சம் கீழ." சாய்த்தான். "தண்ணி" என்றாள். "தண்ணி தெரிது." பிறகு அவள் அவனிடம் பேசவில்லை. வேறு யாரிடமோ பேசினாள், முணுமுணுப்பு மட்டும் மேலே கேட்டது, ரொம்ப நேரம். நிழல் அவன் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கினான். தலையும் நிழலுக்குள் போனது. பெருவிரலில் எம்பி நின்றான். கையும் கண்ணாடியும் மட்டும்தான் வெயிலில். சூரியனைப் பார்க்க வேண்டியது இல்லை இனி, பழகிவிட்டது. அப்போதுதான் கீழே நன்றாகப் பார்த்தான். உள்ளே போன வெளிச்சம் எங்கேயோ ஆழத்தில் தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வந்து அவள் முகத்தில் மஞ்சளாக அலைந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தபடி இருந்தாள், குழந்தை மாதிரி. இறங்கிவிட்டாள். அவன் கயிறு இழுக்காமலேயே இறங்கிவிட்டாள். இந்த முகத்தை அவன் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூட. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் நில்லு. வெயில் நிற்கவில்லை.

அவன் இறங்கி வரும்போது அவள் மெழுகுவர்த்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ராயப்பன் கண்ணாடியைக் காற்று வருகிற பக்கம் வைத்து மறைத்துக் குந்தினான். அவள் தகரச் சட்டத்தில் தொங்கின ரிப்பன்களைப் பார்த்தாள். யாருக்கு வாங்கினது என்று கேட்பாள், சொல்லவேண்டும், எங்கே ஆரம்பிப்பது, தோனா ஜூரேமாவிடமிருந்தா. அவள் கேட்கவில்லை. மஞ்சள் ரிப்பனை அவிழ்த்து மெழுகுவர்த்தியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஏற்றினாள். நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வர்றியா. இப்போது கேள். பக்கத்தில்தான் இருக்கிறாள். கேளுடா. "அங்க," என்று ஆரம்பித்தான், "பிரேசில்ல, பொம்பளைங்க எறங்குறாங்க. பாத்தேன். ஒண்ணும் ஆவல." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "ஆவாதுன்னு எனக்குத் தெரியுமே" என்றாள். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு முட்டியில் கை ஊன்றி எழுந்தாள், அவன் கை நீட்டவில்லை, நீட்டுவதற்குள் எழுந்துவிட்டாள். எட்டு வைத்தவள் நின்றாள். "அடுத்த வருசம் மத்தியான வண்டில வரேன்" என்றாள். "வெயில் இன்னும் கொஞ்சம் இருக்கும்ல." ராயப்பன் கண்ணாடியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். "ம்" என்றான்.